தெருமுனையில் ஒரு புதிய அடுமனை

பெங்களூரு நகரின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் அடுமனைகளுக்கென்று ஒரு நாழிகைக் கணக்கு உண்டு. காலையில் பால் வாங்கித் திரும்புவோர் அப்படியே ஒரு ரொட்டியையும் வாங்கிச் செல்வர். மாலை நான்கு மணியளவில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், அலுவலகத்தில் தேநீர் இடைவேளை கிடைத்தோரும் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்பர். இரவு எட்டு மணிக்கு, மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் புறப்படுவோர் பன்னும் ரஸ்க்கும் கட்டித் தரச் சொல்வர். இந்த மூன்று வேளைகளையும் நம்பித்தான் தெருமுனை அடுமனை ஒவ்வொன்றும் உயிர் வாழ்கிறது.

அத்தகைய அடுமனை ஒன்று மூடப்பட்டது என்பது இப்போது எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. புதிதாக ஒன்று திறக்கப்பட்டது என்பதே செய்தி. வாடகை உயர்ந்திருக்கிறது; எரிவாயுவும் வெண்ணெயும் விலை ஏறியிருக்கின்றன; கைப்பேசியைத் தொட்டால் சில நிமிடங்களில் ரொட்டி வீட்டு வாயிலுக்கே வந்துவிடுகிறது. இந்தச் சூழலில், பசவனகுடியில் காந்தி பஜாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஒரு குறுக்குத் தெருவில், ஹாசன் மாவட்டத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் கடன் வாங்கி ஓர் அடுமனையைத் தொடங்கியிருக்கின்றனர். அந்தக் கடைக்கு இது மூன்றாம் மாதம். அங்கே என்ன செய்கிறார்கள், அது எப்படிச் சுவைக்கிறது, கணக்கு எப்படி நிற்கிறது என்று அறிந்துவர நாம் ஒருநாள் முழுவதும் அங்கே தங்கினோம். தம் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டனர். “முதலில் ஓர் ஆண்டு நிற்கட்டும், பிறகு எழுதுங்கள்” என்றார் அடுமனைக்காரர்.

ஊருக்கு ஓர் அடுப்பு

இந்தியாவில் ரொட்டியின் வரலாறு ஒரே ஊற்றிலிருந்து பிறந்ததன்று. காஷ்மீரத்தில் ‘காந்தூர்’ எனப்படும் ரொட்டிக்காரர் தெருதோறும் உண்டு. அவருடைய மண்ணடுப்பிலிருந்து காலையில் கிர்தா என்னும் ரொட்டியை வாங்கி உப்புத் தேநீருடன் உண்பது அந்நாட்டு வழக்கம். 1510ஆம் ஆண்டு கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் புளிக்க வைத்துச் சுடும் கோதுமை ரொட்டியை அங்கே கொண்டுவந்தனர். ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தனர். அவர்களுடைய மொழிச்சொல்லே மும்பையில் ‘பாவ்’ என்றும், இலங்கைத் தமிழில் ‘பாண்’ என்றும் இன்றளவும் வழங்குகிறது. 

கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பதும், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுவே என்பதும் அவ்வூரார் பெருமையுடன் கூறும் செய்தி. கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தாரின் நாஹூம் அடுமனை 1902 முதல் இயங்கி வருகிறது. மும்பையின் ஈரானியக் கடைகள், புனேயின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட், கடைசி நிஜாமின் பெயரைத் தாங்கிய ஐதராபாத்தின் உஸ்மானியா பிஸ்கட் என ஒவ்வோர் ஊரும் தன் அடுப்பின் மணத்தைத் தனியே காத்து வருகிறது.

பெங்களூருவின் கதை 1898இல் தொடங்குகிறது என்பர். ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் சிக்கப்பேட்டையில் இனிப்புக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்துபோன ஆங்கிலேயர் ஒருவரிடம் ரொட்டி சுடும் முறையைக் கற்று, அதனையும் விற்கத் தொடங்கினார். அவர் ஐயங்கார் குலத்தவர். ஆதலின் முட்டை சேர்ப்பதில்லை. அவரைப் பின்பற்றி ஹாசன் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பலர் வந்து, ‘ஐயங்கார் பேக்கரி’ என்னும் பெயரை நகரெங்கும் நிலைநாட்டினர். ஹாசன் பகுதியின் ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது தமிழின் ஒரு கிளைமொழி என்பதை நம் வாசகர்களுக்கு இங்கே நினைவூட்டலாம். கன்னட நாட்டின் அடுமனைப் பலகைகளில் பெரிதும் காணப்படும் அப்பெயருக்குள் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது.

பலகையில் இல்லாத பெயர்

நாம் சென்ற அடுமனையின் பலகையில் அந்தப் பெயர் இல்லை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், தெருவின் பெயரும் ‘பேக்கரி’ என்னும் சொல்லும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. நகரில் எந்தக் குலத்தவர் கடை வைத்தாலும் ‘ஐயங்கார்’ என்று எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர்களும் அதனை ஒரு சுவையின் பெயராகவே கருதுகின்றனர். இவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டோம்.

அடுமனைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். “எனக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவர் ஐயங்கார், நான் அல்லன். அவர் கடையில் பதினெட்டு ஆண்டுகள் மாவு பிசைந்தேன். அவர் காலமான பின் பிள்ளைகள் கடையை நடத்தவில்லை. அவர் பெயரால்தான் எனக்குக் கை வந்தது. ஆனால் பலகையில் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை” என்றார்.

அவருடைய மனைவி இதற்கு உடன்பட்டவரல்லர். தெருவில் புதிதாக வருவோர் பழகிய பெயரைத் தேடுகின்றனர். பலகையைப் பார்த்துவிட்டு நில்லாமல் செல்வோரைத் தாம் கண்ணால் கண்டதாகக் கூறினார். “அவர் சொல்வது நியாயம்தான்; ஆனால் தவணை நியாயத்தைப் பார்த்து வருவதில்லையே” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார். இருவருக்குமிடையே இந்த வழக்கு இன்னும் முடிவாகவில்லை.

விடியலுக்கு முன்

அதிகாலை நான்கு மணிக்குக் கதவு பாதி திறந்திருந்தது. பின்கட்டில் எரிவாயுவில் இயங்கும் இரண்டடுக்கு அடுப்பு ஒன்று, மாவு பிசையும் இயந்திரம் ஒன்று, நீண்ட மேசை ஒன்று, தட்டுகளை அடுக்கும் இரும்புச் சட்டம் ஒன்று, அவ்வளவே கருவிகள். கணவர், மனைவி, உதவிக்கு ஓர் இளைஞர் என மூவர் வேலை செய்கின்றனர்.

முதலில் பஃப்ஸுக்கான மாவை மடிக்கின்றனர். மாவுத் தகட்டின்மேல் கொழுப்பைப் பரப்பி மூன்றாக மடித்து, தேய்த்து, மீண்டும் மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பின் அடுக்குகள் மும்மடங்காகும். ஆறு முறை மடித்தால் 729 அடுக்குகள். அடுப்பின் வெப்பத்தில் மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிப் பிரிப்பதாலேயே பஃப்ஸ் உப்புகிறது. ஈஸ்ட்டுக்கு அங்கே வேலையில்லை. இடையில் கொழுப்பு உருகிவிட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவின் விடியற்காலைக் குளிர் இந்த வேலைக்குத் துணை நிற்கிறது. குளிரூட்டப்பட்ட அறை வைக்க வசதியில்லாத சிறு அடுமனைக்கு நான்கு மணிக்கு எழுவது ஒரு வகையில் மின்கட்டணச் சேமிப்பு.

அடுத்து ரொட்டி மாவு. மைதா, நீர், உப்பு, சிறிது சர்க்கரை, ஈஸ்ட், எண்ணெய். பிசையப் பிசைய மைதாவின் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வெளிவிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்கி மாவை உயர்த்துகிறது. உப்பு சுவைக்கு மட்டுமன்று. ஈஸ்ட்டின் வேகத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. கோடையில் தண்ணீரைக் குளிரச் செய்து ஊற்றுவதாகவும், மார்கழியில் வெதுவெதுப்பாக ஊற்றுவதாகவும் அடுமனைக்காரர் விளக்கினார். அடுப்பில் வெப்பமானி இருந்தும், ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே தூவி, அது எவ்வளவு விரைவாகச் சிவக்கிறது என்று பார்த்த பின்னரே தட்டுகளை உள்ளே தள்ளினார். பெரியவரிடம் கற்ற பழக்கம் அது.

கடை திறந்த இரண்டாம் வாரத்தில், மாவு பிசையும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது. அன்றைய மாவு முழுவதையும் மூவரும் கையால் பிசைந்தனர். ரொட்டி அரை மணி நேரம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. “அன்று கதவைச் சாத்தியிருந்தால் மறுநாள் காலை யாரும் வந்திருக்க மாட்டார்கள். புதிய கடைக்கு ஒருநாள் தவறுவதும் பெரிய தவறுதான்” என்றார் மனைவி. அவருடைய வலது மணிக்கட்டில் அன்று கட்டிய துணிப்பட்டை இன்னும் இருந்தது.

சுவைத்துப் பார்த்தவை

காலை ஏழு மணிக்குப் பன்னிலிருந்து தொடங்கினோம். வெறும் பன்னே அடுமனையின் உரைகல். இங்குள்ள பன் மேலே தேன் நிறம், உள்ளே மென்மை. அழுத்தினால் மெல்ல நிமிர்கிறது. பிட்டால் நூல்நூலாகப் பிரிகிறது. ஈஸ்ட்டின் புளிப்பு நாவில் தங்கவில்லை. வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டித் தந்ததைக் காப்பியுடன் உண்டபோது, காலைச் சிற்றுண்டியாக வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கார பன். இந்நகரத்தின் தனி அடையாளம் இது. மாவிலேயே நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியுடன் கன்னடத்தில் ‘சப்சிகெ’ எனப்படும் சதகுப்பைக் கீரையும் சேர்க்கின்றனர். சதகுப்பையின் மணம் சோம்பை நினைவூட்டுவது. அடுப்பின் சூட்டில் அது வெங்காயத்தின் இனிப்புடன் கலந்து ஒரு புதிய மணமாகிறது. நாம் சுவைத்தவற்றுள் முதலிடம் இதற்கே. காரம் தொண்டையைத் தாக்கவில்லை; ஆனால் இரண்டாவது பன்னைக் கேட்க வைத்தது.

பெண்ணெ பிஸ்கட் என்பது வெண்ணெய் பிஸ்கட். சர்க்கரை குறைவு, உப்பு சிறிது, வாயிலிட்டதும் மணல்போல உதிர வேண்டும். இங்கே உதிர்ந்தது. கார பிஸ்கட்டில் மிளகின் கைவண்ணம் நன்று. ‘காங்கிரஸ் கடலெ’ என்று பெங்களூருவாசிகள் வழங்கும், மசாலா தடவிப் பிளந்த வேர்க்கடலையும் பொட்டலமாகக் கிடைக்கிறது.

தில்பசந்த் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வட்டத் தகடுகளுக்கிடையே சர்க்கரை சேர்த்த தேங்காய்த் துருவலும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்துச் சுட்டு, முக்கோணமாக வெட்டித் தருவது இது. தகடு நன்கு பொரிந்திருந்தது, தேங்காய் புதியது. ஆயினும் இனிப்பு நமக்கு ஒரு படி மிகுதியாகத் தோன்றியது. இதை நாம் சொன்னபோது, சர்க்கரையைக் குறைத்தால் தேங்காய் விரைவில் கெட்டுவிடும், ஒரு நாளைக்கு மேல் வைக்க முடியாது என்று அடுமனைக்காரர் காரணம் கூறினார். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பொருள் கெடுவது தாமதமாகிறது என்பது உண்மையே.

குறையென்று சொல்லத்தக்கது காய்கறி பஃப்ஸ். மேலடுக்குகள் இலையிலையாக நின்றன. அடிப்பகுதி மட்டும் நமுத்திருந்தது. உள்ளே வைக்கும் மசாலாவை முற்றிலும் ஆறவிடாமல் வைத்தால் அதன் ஆவி கீழே தங்கி மாவை நனைத்துவிடும். அடுமனைக்காரர் ஒன்றைப் பிளந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் இளைஞரை அழைத்து, மறுநாள் முதல் மசாலாவை இரவே செய்து அகன்ற தட்டில் ஆறவைக்கும்படி கூறினார். 

தேன் கேக் இக்கடையின் பெருமை. மஞ்சுபோன்ற கேக்கின்மேல் தேனும் சர்க்கரைப் பாகும் ஊற்றி, பழ ஜாம் தடவி, உலர்ந்த தேங்காய்ப் பூ தூவுகின்றனர். முட்டையில்லாத கேக் அடர்த்தியாகிப் போவது இயல்பு. ஏனெனில் கேக்கைத் தாங்கி நிறுத்தும் கட்டமைப்பை முட்டையின் புரதமே தருகிறது. அதனை ஈடுசெய்ய இவர்கள் புளித்த தயிரும் சமையல் சோடாவும் சேர்க்கின்றனர். தயிரின் அமிலமும் சோடாவும் கூடும்போது வாயு பிறக்கிறது. மாவைக் கலக்கியவுடன் காலம் தாழ்த்தாமல் அடுப்பில் வைத்தால்தான் அந்த வாயு பயன்படும். காலம் தாழ்த்தவில்லை என்பதற்குக் கேக்கின் மென்மையே சான்று. பாகு அடிவரை இறங்கியிருந்தது. தட்டில் மட்டும் தேங்கவில்லை.

மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் துணிப்பையுடன் வந்தார். “ஏனம்மா, சப்சிகெ போட்ட பன் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?” என்று கேட்டார். “இருக்கிறது ஐயா, தட்டு அடுப்பில்தான். ஐந்து நிமிடம் உட்காருங்கள்” என்று மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பன்னிரண்டு நிமிடமாயிற்று, எழுந்து செல்லவில்லை. பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் ரொட்டியுடன் இந்தக் கடை எதைக் கொண்டு போட்டியிடுகிறது என்பதை அங்கே கண்டோம்.

மிச்சக் கணக்கு

கல்லாப் பெட்டியின் அருகே ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் விற்றவற்றின் கணக்கு இல்லை. விற்காதவற்றின் கணக்கே இருக்கிறது. இரவு எட்டரை மணிக்கு எத்தனை ரொட்டி, எத்தனை பன், எத்தனை பஃப்ஸ் மிஞ்சின என்று மனைவி நாள்தோறும் எழுதுகிறார். மழை, பள்ளி விடுமுறை, பண்டிகை ஆகியவை ஓரத்தில் குறிக்கப்படுகின்றன.

முதல் இரு வாரங்களில் மிச்சம் மிகுதி. கண்ணாடிப் பெட்டி நிறைந்திருந்தால்தான் வாடிக்கையாளர் வருவர் என்று எண்ணி நிறையச் செய்தனர். அடுமனைப் பொருள் துணியைப் போன்றதன்று. இன்று விற்காவிட்டால் நாளை அதன் விலை பாதி, நாளை மறுநாள் சுழியம். மிஞ்சிய ரொட்டியை வெட்டி மீண்டும் சுட்டு ரஸ்க் ஆக்கலாம். மிஞ்சிய பஃப்ஸை ஒன்றும் செய்வதற்கில்லை. நோட்டைப் பார்த்து, பஃப்ஸை இரண்டு ஈடாகப் பிரித்து, காலையில் சிறிதும் மாலையில் மீதியும் சுடத் தொடங்கினர். செவ்வாய்க்கிழமைகளில் கேக் குறைவாகவும், வெள்ளி மாலை மிகுதியாகவும் செய்கின்றனர். மூன்றாம் மாதத்தின் பக்கங்களில் பல நாள்களில் ஒற்றை இலக்கமே காணப்படுகிறது.

கடையின் முன்பணத்துக்குச் சேமிப்புடன் மனைவியின் வளையல்களின் மேல் பெற்ற நகைக்கடனும் உதவியது. அடுப்புக்கும் பிசையும் இயந்திரத்துக்கும் பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் கடன் பெற்றனர். 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 இலட்சம் வரை ‘கிஷோர்’, 10 இலட்சம் வரை ‘தருண்’ என மூன்று வகைகள் இருந்தன. தருண் கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்காக, 20 இலட்சம் வரையிலான ‘தருண் பிளஸ்’ என்னும் வகை 2024இல் சேர்க்கப்பட்டது. சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை என்பதே சிறு தொழிலருக்கு இதன் முதற்பயன். இத்தம்பதியர் பெற்றது கிஷோர் வகைக் கடன். நாம் சென்றதற்கு முந்தைய வாரம் முதல் தவணையைச் செலுத்தியிருந்தனர். 

அந்தத் தவணை எளிதில் வரவில்லை. மாதக் கடைசியில் மாவு வாங்கிய கடைக்குப் பணம் தரவேண்டியிருந்தது. வாடகையும் அதே வாரம். கணவர் தவணையை ஒரு வாரம் தள்ளலாமா என்று எண்ணியிருக்கிறார். மனைவி இணங்கவில்லை. மாவுக் கடைக்காரரை நேரில் சென்று பார்த்து, பாதியை அன்றே தந்து மீதிக்குப் பத்து நாள் தவணை கேட்டு, வங்கித் தவணையை உரிய நாளில் கட்டினார். “மாவுக்கடை அண்ணனுக்கு என் முகம் தெரியும். வங்கிக்கு என் கணக்குதான் தெரியும், அதில் முதல் வரியே கோணலாக இருக்கக்கூடாது” என்றார். கடன் வரலாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் கேட்டதில்லை. மாவுக் கடையின் மீதியும் எட்டாம் நாளே தீர்க்கப்பட்டது.

வருவாயின் பெரும்பகுதி யுபிஐ வழியே வருகிறது. பன் வாங்கும் மாணவர் செலுத்தும் சிறு தொகையும் கணக்கில் பதிவாகிறது. ரொக்கமாக மட்டும் விற்ற காலத்தில் சிறு கடைக்காரரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இப்போது நாள்வாரி வரவு அவருடைய கணக்கறிக்கையிலேயே நிற்கிறது. அடுத்த கடனுக்கு அதுவே சான்றாகும். ஆயினும் வரவு முழுவதும் வருமானம் அன்று என்பதால், விற்பனைக்கென்று தனி நடப்புக் கணக்கும் வீட்டுச் செலவுக்குச் சேமிப்புக் கணக்கும் வைத்திருப்பது நன்று. இத்தம்பதியர் இரண்டாம் மாதம் முதல் அவ்வாறே செய்கின்றனர்.

வரி விதிப்பிலும் ஒரு மாற்றம் இவர்களைப் போன்றோருக்கு உதவியிருக்கிறது. ரொட்டிக்கு ஜிஎஸ்டி தொடக்கம் முதலே இல்லை. கேக், பிஸ்கட், பேஸ்ட்ரி ஆகியவற்றுக்கு 18 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

வாங்குவோர் கவனத்துக்கு

அடுமனையில் பொருள் வாங்கும்போது சிலவற்றைப் பார்ப்பது நம் உரிமை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கிய 14 இலக்கப் பதிவு எண் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ரொட்டி மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்ப்பது இந்தியாவில் 2016 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எண்ணெயிலும் கொழுப்பிலும் தொழிற்சாலை முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தக் கொழுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால், நல்ல அடுமனைக்காரர் தயங்க மாட்டார். நாம் சென்ற கடையில் உறையையே எடுத்துக் காட்டினர்.

வாங்கி வந்த ரொட்டியைக் குளிர்பெட்டியின் சாதாரண அறையில் வைப்பது பலர் வீட்டு வழக்கம். அங்கே பூஞ்சை தாமதமாகும். ஆனால் ரொட்டி விரைவில் விறைத்துப் பழசாகும். அரிசிச் சோறு குளிரில் விறைப்பதைப் போலவே, ரொட்டியின் மாவுச்சத்தும் அந்தக் குளிர்ச்சியில் மீண்டும் இறுகுகிறது. இரண்டு நாளைக்குள் உண்பதானால் காற்றுப் புகாத பெட்டியில் வெளியே வைக்கலாம். நெடுநாள் வேண்டுமானால் துண்டுகளாக உறைநிலைப் பெட்டியில் வைத்து, தேவைக்கேற்ப எடுத்துக் கல்லில் வாட்டலாம். சூட்டில் மென்மை பெருமளவு திரும்பிவிடும். பஃப்ஸைச் சூடாக்க மைக்ரோவேவ் உதவாது. வாணலியை மூடிச் சிறு தீயில் வைத்தால் மொறுமொறுப்பு மீளும். சூடான ரொட்டியை நெகிழிப் பையில் உடனே கட்டித் தரச் சொல்லக்கூடாது. ஆவி உள்ளே தங்கி மேற்புறத்தை நனைத்துவிடும்.

எல்லாவற்றிலும் பயன் தரும் கேள்வி ஒன்று உண்டு: “அடுத்த ஈடு எத்தனை மணிக்கு?” உங்கள் தெரு அடுமனையில் இதனைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் செல்லுங்கள். உங்களுக்குச் சூடான பன் கிடைக்கும். அவருடைய நோட்டில் மிச்சம் ஓர் எண் குறையும்.

நாம் விடைபெற்ற வேளையில் இருவரும் டிசம்பர் மாதத்தைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தனர். கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் செய்ய முந்திரியும் உலர்திராட்சையும் இப்போதே வாங்க வேண்டும். அதற்குப் பணம் முடங்கும். கணவர் துணிந்து நிறையச் செய்யலாம் என்கிறார். மனைவி முன்பதிவு வாங்கிய அளவுக்கு மட்டுமே என்கிறார். இந்த வழக்கில் அவருடைய கட்சி ஓங்கியிருந்தது. கல்லாவின் மேல், மிச்சக் கணக்கின் அருகே, புதிய நோட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் முதற்பக்கத்தில் முன்பதிவு என்று எழுதி, கீழே முதல் பெயராக அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரைக் குறித்திருந்தார். அவர் கேட்டது அரைக் கிலோ.